பரீட்சையில் தோற்றது யார்?

ஐரோப்பாவின் ரோமா பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு திறந்த கதை

செக் நாட்டில் ஆஸ்ட்ராவா என்று ஒரு நகரம் இருக்கிறது. நிலக்கரிக்கும் இரும்பு ஆலைக்கும் பெயர் பெற்ற ஊர் அது.

1999-ம் ஆண்டில் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தார்கள்.

சாதாரண ஆரம்பப் பள்ளிகளில் 33 ஆயிரத்து 372 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ரோமா இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

அதே ஊரில் 'விசேஷப் பள்ளிகள்' என்று சில பள்ளிக்கூடங்கள் இருந்தன. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை அவை. அங்கே படித்தவர்கள் 1,360 பேர். அவர்களில் ரோமா பிள்ளைகள் மட்டும் 762 பேர். பாதிக்கு மேல்!

ஆஸ்ட்ராவாவில் பிறந்த ரோமா பிள்ளைகளில் நூற்றுக்கு 50 பேர் விசேஷப் பள்ளியில் இருந்தார்கள். மற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. ரோமா வீட்டில் பிறந்த குழந்தை அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேருவதற்கு, மற்றக் குழந்தையைவிட 27 மடங்கு வாய்ப்பு இருந்தது.

ஒரு இனத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அறிவு குறைவாக இருக்குமா? உலகத்தில் எங்கும் அப்படிக் கிடையாது. அப்படியானால் கோளாறு பிள்ளையிடமா, பிள்ளையைச் சோதித்த பரீட்சையிலா?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு 18 ரோமா பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஐரோப்பாக் கண்டம் முழுவதும் அந்த வழக்கைப் பேசியது.

யார் இந்த ரோமாக்கள்?

ரோமா மக்களை வெள்ளைக்காரர்கள் 'ஜிப்சி' என்று அழைத்தார்கள். எகிப்து தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து வைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயரை ரோமாக்களில் பலர் விரும்புவதில்லை.

உண்மையில் அவர்கள் புறப்பட்ட இடம் இந்தியா! ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து கிளம்பி, பாரசீகம், துருக்கி வழியாக ஐரோப்பா சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

இதற்கு என்ன சாட்சி? அவர்களுடைய பேச்சே சாட்சி. அவர்கள் மொழிக்கு ரோமானி என்று பெயர். அந்த மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால் 'ஏக், தூய், த்ரின்' என்று வரும். தண்ணீருக்குப் 'பானி'. மூக்குக்கு 'நக்'. காதுக்குக் 'கன்'. கொஞ்சம் இந்தி கேட்டவர்களுக்கும் இது புரிந்துவிடும்.

மனிதனுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'மனுஷ்'. நாம் 'மனுஷன்' என்கிறோம்!

1971-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டன் அருகே ரோமாக்களின் முதல் உலக மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து ரிஷி என்ற அறிஞர் அதில் கலந்துகொண்டார். தங்களுக்கு ஒரு கொடி வேண்டும் என்று மாநாட்டில் தீர்மானித்தார்கள். மேலே நீலம் வானம். கீழே பச்சை பூமி. நடுவில் சிவப்புச் சக்கரம். இந்தியாவை நினைவூட்டும் சக்கரம் அது. ஆண்டுதோறும் ஏப்ரல் 8-ந் தேதி ரோமா தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இன்று ஐரோப்பாவில் ஒரு கோடி ரோமாக்களுக்கு மேல் வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு சின்ன நாட்டின் ஜனத்தொகை அது. ஆனால் அவர்களுக்கென்று நாடு கிடையாது.

பட்ட பாடு

ரோமாக்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சம் அல்ல.

இன்றைய ருமேனியாவில் அவர்கள் சுமார் 500 ஆண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். ஆடு மாடுகளைப்போல வாங்கி விற்கப்பட்டார்கள். 1856-ம் ஆண்டில்தான் அந்தத் தளை முழுவதும் அறுந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் இட்லரின் நாஜிகள் யூதர்களோடு ரோமாக்களையும் கொன்று குவித்தார்கள். மாண்டவர்கள் இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பு. செக் நாட்டில் அதற்கு முன் வாழ்ந்த ரோமாக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கொலைக்களத்தில் மறைந்தார்கள்.

யுத்தம் முடிந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்ய ஆள் வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஸ்லோவாக்கியாவிலிருந்து ரோமாக் குடும்பங்கள் வந்து குடியேறின. ஆஸ்ட்ராவாவில் வாழும் ரோமாக்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களின் வாரிசுகள்.

'அவர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். பிள்ளைகள் எப்படிப் படிக்கும்?' என்று சிலர் கேட்பது உண்டு. அது பழைய கதை. 1958-ம் ஆண்டிலேயே அந்த நாட்டில் சட்டம் போட்டு நாடோடி வாழ்க்கையைத் தடுத்துவிட்டார்கள். வழக்குத் தொடுத்த பிள்ளைகள் வீடு, தெரு, வார்டு என்று நிலையாகக் குடியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

1994-ம் ஆண்டோடு ஆஸ்ட்ராவா நகரத்துக்குள் நிலக்கரி வெட்டுவது நின்றது. வேலை போனது. வறுமை வந்தது. பழைய அலட்சியம் மட்டும் போகவே இல்லை.

ஒரு நாள் பரீட்சை

குழந்தைக்கு 6 வயது ஆகிறது. பள்ளியில் சேர்க்க வேண்டும். மனோதத்துவ நிபுணர் ஒருவர் குழந்தையைச் சோதிக்கிறார். கேள்விகள் செக் மொழியில் இருக்கின்றன.

ரோமாக் குழந்தை வீட்டில் பேசுவது ரோமானி. அல்லது ரோமானி வாடை வீசும் செக் பேச்சு. அந்தக் குழந்தை பாலர் பள்ளிக்குப் போனது இல்லை. வீட்டில் படப் புத்தகம் இல்லை. பென்சில் பிடித்துப் பழக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார். குழந்தை விழிக்கிறது.

'அறிவு குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள்.

தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு 6 வயதுக் குழந்தையை வேறு ஏதோ ஒரு மொழியில் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? அதுவும் விழிக்கத்தான் செய்யும். அதனால் அந்தக் குழந்தைக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியுமா?

குழந்தையின் அறிவை அளப்பதாக நினைத்து, குழந்தையின் வீட்டை அளந்தார்கள். வீட்டில் புத்தகம் இருக்கிறதா, அம்மா என்ன மொழி பேசுகிறாள், அப்பாவிடம் காசு இருக்கிறதா என்பதற்கெல்லாம் சேர்த்து மார்க் போட்டார்கள்.

அந்த ஒரு நாள் பரீட்சை ஆயுள் முழுவதும் கூடவே வந்தது. விசேஷப் பள்ளியில் பாடம் மிகக் குறைவு. சாதாரணப் பள்ளியில் சொல்லித் தருவதில் பல பகுதிகள் அங்கே கிடையாது. ஒரு முறை உள்ளே போன பிள்ளை வெளியே வருவது அபூர்வம். படிப்பு முடிந்து வெளியே வந்தால் உயர்நிலைப் பள்ளிக் கதவு அடைத்திருக்கும். சில கைத்தொழில்களை மட்டும் கற்கலாம். டாக்டர், ஆசிரியர், வக்கீல் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

உண்மையிலேயே அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குத் தனிக் கவனிப்பு வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் குறை இல்லாத பிள்ளையை அங்கே கொண்டு போய் அடைத்ததுதான் அநியாயம்.

பெற்றோர் போட்ட கையெழுத்து

'நாங்களாகச் சேர்க்கவில்லை. பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்!' என்றது செக் சர்க்கார்.

கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் எப்படிப் போட்டார்கள்? முன்கூட்டியே பூர்த்தி செய்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினார்கள். பெற்றோரில் பலர் தாங்களே அதிகம் படிக்காதவர்கள். இந்தப் பள்ளியில் சேர்ந்தால் பிற்காலத்தில் என்ன ஆகும், இதை விட்டால் வேறு வழி உண்டா என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. சாதாரணப் பள்ளிக்கு அனுப்பினால், அங்கே மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். குழந்தை தனியாக அழும். விசேஷப் பள்ளி என்றால் அண்ணனும் அக்காளும் அங்கே இருப்பார்கள்.

அழாமல் இருக்கும் இடம் வேண்டுமா, நன்றாகப் படிக்கும் இடம் வேண்டுமா? இருதலைக் கொள்ளி எறும்பு போன்ற நிலையில் அந்தப் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள்.

8 ஆண்டு வழக்கு

1999-ம் ஆண்டில் 18 பிள்ளைகளின் சார்பில் முறையீடு கிளம்பியது. அப்போது புடாபெஸ்ட் நகரில் இருந்த ஐரோப்பிய ரோமா உரிமை மையம் துணைக்கு வந்தது. 

முதலில் செக் நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

2000-ம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்கு மனு போயிற்று. 40-க்கு மேற்பட்ட நாடுகள் கட்டுப்படுகிற கோர்ட்டு அது.

6 ஆண்டுகள் ஓடின. 2006-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. அங்கேயும் தோல்வி!

அவர்கள் சளைக்கவில்லை. அதே கோர்ட்டின் பெரிய பெஞ்சுக்குப் போனார்கள். 17 நீதிபதிகள் விசாரித்தார்கள். 2007-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி தீர்ப்பு. 13 நீதிபதிகள் பிள்ளைகளின் பக்கம். 4 பேர் எதிர்ப்பக்கம்.

பிள்ளைகள் ஜெயித்தார்கள்!

நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்:

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியது இல்லை. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் ஒரு விதி, ஒரு இனத்தாரை மட்டும் கீழே தள்ளுகிறது என்றால் அதுவும் பாரபட்சம்தான். அதைப் புள்ளிக்கணக்கைக் கொண்டு காட்டலாம். பரீட்சை ரோமாப் பிள்ளைகளின் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கவில்லை. பெற்றோரின் கையெழுத்தும் செல்லாது. தன் குழந்தையை இனம் பார்த்து ஒதுக்கலாம் என்று எந்தப் பெற்றோரும் சம்மதம் கொடுக்க முடியாது.

ஒவ்வொருவருக்கும் 4 ஆயிரம் யூரோ நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று. அன்றைய கணக்கில் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்குத் தொடுத்த பிள்ளைகள் 1985 முதல் 1991 வரை பிறந்தவர்கள். தீர்ப்பு வந்தபோது அவர்களுக்கு 16 முதல் 22 வயது! இனிமேல் எந்த முதல் வகுப்புக்குப் போவது? அவர்களில் சிலர் மறுபடி பரீட்சைக்கு உட்பட்டுத் தேறி, இடையிலேயே சாதாரணப் பள்ளிக்கு மாறினார்கள். மற்றவர்களுக்குப் பள்ளிப் பருவம் முடிந்தே போய்விட்டது. அவர்கள் நட்ட மரத்தின் பழம் தம்பி தங்கைகளுக்குத்தான்.

பழைய கள், புதிய மொந்தை

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே செக் நாட்டில் புதிய கல்விச் சட்டம் வந்தது. 2005-ம் ஆண்டு முதல் 'விசேஷப் பள்ளி' என்ற பெயர் போயிற்று. 'செயல்முறைப் பள்ளி' என்று பெயர் வந்தது. பல இடங்களில் கட்டடம் அதே கட்டடம். பிள்ளைகளும் அதே பிள்ளைகள். பழைய கள், புதிய மொந்தை!

2012-ம் ஆண்டில் அந்த நாட்டின் மக்கள் குறைதீர்ப்பு அதிகாரி அந்தப் பள்ளிகளில் கணக்கு எடுத்தார். பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரோமாக்கள். நாட்டின் ஜனத்தொகையிலோ ரோமாக்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

2014-ம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் செக் நாட்டின்மேல் நடவடிக்கை தொடங்கியது. 2016-ம் ஆண்டு செப்டம்பரில்தான் உருப்படியான மாறுதல் வந்தது. குறைந்த பாடத்திட்டம் நீக்கப்பட்டது. பிள்ளைக்கு உதவி வேண்டுமானால், அந்த உதவியைச் சாதாரணப் பள்ளிக்கே கொண்டுபோக வேண்டும் என்று விதி செய்தார்கள்.

அதே பிள்ளைகள், வேறு பள்ளி

இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் படிப்பு வருமா? இங்கிலாந்தில் இதற்கு விடை கிடைத்தது.

செக், ஸ்லோவாக்கியா நாடுகளிலிருந்து பல ரோமாக் குடும்பங்கள் பிழைப்பைத் தேடி இங்கிலாந்துக்குப் போயின. அங்கே விசேஷப் பள்ளி என்ற பேச்சு இல்லை. பிள்ளைகளை எல்லோரும் படிக்கும் பள்ளியிலேயே சேர்த்தார்கள்.

2011-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இப்படிப் போன 61 ரோமா மாணவர்களைப் பேட்டி கண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த நாட்டில் விசேஷப் பள்ளியிலோ ரோமாக்கள் மட்டும் படிக்கும் இடத்திலோ இருந்தவர்கள். இங்கிலாந்தின் ஆசிரியர்களைக் கேட்டபோது, ரோமாப் பிள்ளைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்குத்தான் விசேஷக் கவனிப்பு வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கணக்கு, விஞ்ஞானம் முதலிய பாடங்களில் வகுப்பின் சராசரியை ஒட்டியே வந்தார்கள். ஆங்கிலமோ அவர்களுக்குப் புதிய மொழி!

விமானம் ஏறிப் போனதால் மூளை மாறிவிடாது. பள்ளிக்கூடம்தான் மாறியது.

பஸ் வந்தது

பல்கேரியா நாட்டில் டான்யூப் நதிக்கரையில் விதின் என்று ஓர் ஊர். அங்கே ரோமாக்கள் வாழும் பேட்டைக்கு 'நோவ் பட்' என்று பெயர். 'புதுப்பாதை' என்று அர்த்தம். பேட்டைக்குள் ஒரு பள்ளி. அதில் ரோமாப் பிள்ளைகள் மட்டும் படித்தார்கள்.

டோன்கா பனயோதோவா என்ற பெண்மணி 'த்ரோம்' என்ற சங்கத்தின் தலைவி. ரோமானி மொழியில் 'த்ரோம்' என்றால் வழி. 2000-ம் ஆண்டில் பள்ளி திறக்கும் நாளில் அந்தச் சங்கம் பேட்டைக்குள் பஸ்களைக் கொண்டு வந்தது. சில நூறு பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி, ஊருக்குள் இருக்கும் பொதுப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

வெறும் பஸ் மட்டும் போதாது என்று சங்கத்தாருக்குத் தெரியும். பஸ்ஸிலும் பள்ளியிலும் பிள்ளைகளோடு கூடவே இருக்க ரோமாப் பெரியவர்களை நியமித்தார்கள். அவர்கள் ஆசிரியரிடமும் பேசினார்கள், பெற்றோரிடமும் பேசினார்கள். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனிப் பாடம் வைத்தார்கள். ஏழைப் பிள்ளைக்குப் பாதரட்சையும் புத்தகமும் கொடுத்தார்கள். பிறகு வேறு பல ஊர்களும் விதின் காட்டிய வழியில் போயின.

காந்தி பள்ளி, அம்பேத்கர் பள்ளி

ஹங்கேரி நாட்டில் பேச் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1994-ம் ஆண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். ரோமாப் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டு போவது அதன் நோக்கம். பள்ளிக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? காந்தி!

மூதாதையர் புறப்பட்ட தேசத்தின் மகாத்மா பெயரையே எடுத்துக்கொண்டார்கள். யானோஷ் பொக்டான் முதல் தலைமை ஆசிரியர். தொலைவிலுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உண்டு. ஹங்கேரி மொழியோடு ரோமாக்களின் மொழியும் அங்கே பாடமாக இருக்கிறது. வீட்டில் பேசும் மொழியே ஒரு குற்றமாக இருந்தது போய், அதற்கும் மார்க் கிடைத்தது. 2000-ம் ஆண்டில் முதல் வகுப்பார் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி வெளியே வந்தார்கள்.

அதே நாட்டின் வடகிழக்கில் ஷாயோகாசா என்ற கிராமம். அங்கே டிபோர் டெர்டாக், யானோஷ் ஓர்ஷோஷ் என்ற இருவர் டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையைப் படித்தார்கள். ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் படித்து முன்னுக்கு வந்த கதை அவர்கள் மனத்தைத் தொட்டது. மகாராஷ்டிரத்துக்கு வந்து அம்பேத்கர் வழி நடப்பவர்களைச் சந்தித்தார்கள். 2007-ம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் பள்ளி பிறந்தது. நடுவில் படிப்பை விட்ட ரோமா இளைஞர்கள் அங்கே மறுபடி புத்தகத்தை எடுத்தார்கள்.

'இவையும் ரோமாக்களுக்காக ஏற்பட்ட பள்ளிகள்தானே? தனியாகப் பிரிப்பது தப்பு என்றால் இது மட்டும் சரியா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காந்தி பள்ளியில் மற்ற இனத்தாரும் சேரலாம். அங்கே யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. பாடத்தைக் குறைக்கவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையை அவர்களும் எழுதுகிறார்கள். ஆனாலும் இப்படிச் சில பள்ளிகளால் லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தாங்க முடியாது. பக்கத்துத் தெருப் பள்ளி திறந்தால்தான் உண்டு.

ஒரே கட்டடம், இரண்டு மாடி

பக்கத்துத் தெருப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டாலே போதும் என்றும் சொல்ல முடியாது. ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் எல்லோருக்கும் ஒரே பள்ளிக் கட்டடம். ஆனால் ரோமாப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளம், மற்றவர்களுக்கு மேல்மாடி!

வழக்கு நாட்டின் உச்ச கோர்ட்டு வரை போயிற்று. 2020-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு. ஏறத்தாழ 60 ரோமாப் பிள்ளைகளுக்கு நஷ்ட ஈடு. பிரதம மந்திரியே அதைக் குறை கூறிப் பேசியிருந்தார். பணத்துக்குப் பதில் படிப்பு கொடுக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பணமாகவே கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உறுதியாகச் சொல்லிவிட்டது.

வேறு இடங்களில் இன்னொரு விதமாகப் பிரிவினை வருகிறது. ரோமாப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் அதிகமாகச் சேர்ந்ததும், மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது ரோமாப் பள்ளி ஆகிவிடுகிறது. யாரும் சட்டம் போடவில்லை. உத்தரவு போடவில்லை. ஆனாலும் சுவர் எழும்பி நிற்கிறது!

4 வயதில் தொடங்க வேண்டும்

அனுபவத்தில் தெரிந்துகொண்ட பாடங்கள் சில உண்டு.

முதலாவது, பாலர் பள்ளி. 3, 4 வயதிலேயே குழந்தை மற்றக் குழந்தைகளோடு விளையாடினால், பள்ளி மொழி தானாக வந்துவிடும். 6 வயதில் பரீட்சை எழுதும்போது விழிக்க வேண்டியது இல்லை. ஹங்கேரியில் 2015-ம் ஆண்டு முதல் 3 வயதுக் குழந்தையைப் பாலர் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். செக் நாட்டில் பள்ளிக்கு முந்திய ஓர் ஆண்டு 2017-ம் ஆண்டு முதல் கட்டாயம் ஆயிற்று.

இரண்டாவது, துணை ஆசிரியர். ரோமானி தெரிந்த ஒருவர் வகுப்பில் ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்தால், குழந்தைக்குப் பயம் தெளியும். செக் நாட்டில் 1990-களிலேயே இந்த முறை தொடங்கியது. வைத்த இடங்களில் நல்ல பலன் கிடைத்தது.

மூன்றாவது, உபகாரச் சம்பளம். 14 வயதில் வேலைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் உயர்நிலைப் பள்ளி எப்படி நினைவுக்கு வரும்? 2005-ம் ஆண்டில் தொடங்கிய ரோமா கல்வி நிதி ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இந்த உதவியைச் செய்தது.

இன்னும் எவ்வளவு தூரம்?

ஐரோப்பிய யூனியனின் அடிப்படை உரிமை நிறுவனம் 2021-ம் ஆண்டில் பல நாடுகளில் கணக்கு எடுத்தது. ரோமாக் குழந்தைகளில் நூற்றுக்கு 44 பேர் பாலர் பள்ளிக்குப் போனார்கள். மற்றக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 93 பேர். உயர்நிலைப் படிப்பை முடித்த ரோமா இளைஞர்கள் நூற்றுக்கு 27 பேர். பொதுவாக எல்லோரிலும் 84 பேர். ரோமாப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல், ரோமாக்களே நிறைந்த பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2020-ம் ஆண்டில் யூனியன் ஒரு திட்டம் வகுத்தது. 2030-க்குள் ரோமாக் குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேராவது பாலர் பள்ளியில் இருக்க வேண்டும். ரோமாக்களே நிறைந்த பள்ளியில் படிப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக வேண்டும். அதற்குள் முடியுமா என்பது ஒவ்வொரு ஊரிலும் உள்ள தலைமை ஆசிரியரையும், பக்கத்து வீட்டுப் பெற்றோரையும் பொறுத்தது.

ஆஸ்ட்ராவாவின் 18 பேரும் இன்று 30 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் கிடைக்காத முதல் வகுப்பு இனி அவர்களுக்குக் கிடைக்கப் போவது இல்லை. ஆனால் இன்று ஒரு ரோமாத் தாயிடம் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, 'உன் பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் சரி, கையெழுத்துப் போடு' என்று சொன்னால், 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு ஒரு தீர்ப்பு துணை இருக்கிறது.

நிறுத்துப் பார்க்கும் முன் தராசு சரிதானா என்று பார்க்க வேண்டும். கடைக்காரனிடம் நாம் கேட்கும் அந்தச் சின்ன நியாயத்தைத்தான் அந்த 18 பிள்ளைகளும் கேட்டார்கள்.